பதினாறாம் கட்டையின் பன்னிரண்டு பற்கள்

பதினாறாம் கட்டை, பாகான் செராய்
20 மார்ச் 2024

அண்ணன் பவித்ரனுக்கு,

அம்மாவின் பல்லைக் கெடுத்தவன் நீ. சந்தேகப்பட்டு எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். நீயும் அண்ணியும் ஈப்போவில் நலம் என்று பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இங்கே நான் நலம். அம்மா நலமில்லை.

ஏன் கடிதம் என்று கேட்பாய். ஆறு முறை போனில் கூப்பிட்டேன். கவுண்டரில் இருக்கும் பெண் ஆறு முறையும் "டாக்டர் பேஷண்ட்ட பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்துக்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அதனால் காகிதம்.

பிப்ரவரி மூன்றாம் தேதி நம் பதினாறாம் கட்டைத் தோட்டத்து மண்டபத்தில் உன் இலவசப் பல் முகாம் நடந்தது. உன் மாமனார் ராமசுப்பிரமணியன் பெயரில் பேனர், வந்தவர்களுக்கெல்லாம் மீ கோரேங் பொட்டலம். பன்னிரண்டு பேருக்குப் பல்லைச் செதுக்கி அன்றைக்கே அதன்மேல் உறையாகத் தற்காலிக கிரவுன் மாட்டினாய். மூன்று வாரத்தில் நிலையான கிரவுனோடு வருவேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னாய். ஆறு வாரம் தாண்டிவிட்டது.

நேற்று அம்மாவின் கிரவுன் இரண்டாக உடைந்து கஞ்சியில் விழுந்தது. கழுவி விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். உன் கிளினிக்கில் நான்கு வருஷம் தற்காலிக கிரவுன் செய்தவள் நான். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். உள்ளே பக்கச் சுவர்களில் சிமெண்டே இல்லை. மேலே மட்டும் கட்டியாகத் தேங்கியிருக்கிறது. சிமெண்டுக்கு இடம் விடாமல் செய்த கிரவுன் அது. பல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சிமெண்டு வழிந்து வெளியேற வழியில்லை. அதனால் கிரவுன் பாதியிலேயே நின்றுவிட்டது. ஈறு ஓரத்தில் சோறு நுழையும் அளவுக்குச் சந்து. மேலே, மற்ற பற்களைவிட உயரம். அம்மா ஆறு வாரமாக வாயை மூடும்போதெல்லாம் அந்த ஒரு பல் இடி வாங்கியிருக்கிறது.

உடைந்த இடம் காகிதம் மாதிரி மெலிந்திருக்கிறது. அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

வந்து பார். அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது, சர்க்கரை ஏறினால் புண் ஆறாது என்பது நினைவிருக்கட்டும்.

துளசி


ஈப்போ
2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி துளசிக்கு,

நானும் தர்ஷனாவும் நலம். அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கிளினிக் இடம் மாறிய அலைச்சலில் உன் போனை எடுக்க முடியவில்லை.

தற்காலிக கிரவுன் என்றால் தற்காலிகம்தான். உடையும். அம்மா கருவாட்டையும் முறுக்கையும் விடமாட்டார் என்பது உனக்கே தெரியும். நான்கு வருஷம் உதவியாளராக இருந்ததால் நோயைக் கண்டறியும் தகுதி வந்துவிடாது. உடைந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு இப்படியெல்லாம் எழுதுவது சரியில்லை. முகாம் அன்று யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

நிலையான கிரவுன்கள் லேபில் தாமதமாகின்றன. வந்ததும் தகவல் தருகிறேன். அதுவரை வெந்நீரில் உப்புப் போட்டு அம்மாவைக் கொப்பளிக்கச் சொல்.

தோட்டத்தில் இதைப் பேசிக்கொண்டு திரியாதே. மாமாவுக்குச் சங்கடம்.

என்றும் உன் நலம் நாடும்,
டாக்டர் பவித்ரன்


பதினாறாம் கட்டை
9 ஏப்ரல் 2024

கூடப்பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்திலும் "டாக்டர்" என்று கையெழுத்துப் போடும் அண்ணனுக்கு,

வெந்நீரில் கொப்பளித்தாகிவிட்டது. அம்மாவின் தாடையில் சூடு குறையவில்லை. உன் உடம்பு எப்படி?

நான் எப்படிச் செய்தேன் என்று நீ ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது சொல்கிறேன். செதுக்கிய பல்லின் பிளாஸ்டர் அச்சு கைக்கு வந்ததும் அதன்மேல் நகப்பூச்சு இரண்டு முறை பூசுவேன். ஈறு ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் பூசாமல் விடுவேன், அங்கே கிரவுன் நெருக்கமாக உட்கார வேண்டும். காய்ந்ததும் வாசலின் தடவி, அதன்மேல்தான் கிரவுனை வார்ப்பேன். கழற்றினால் அந்தப் பூச்சின் தடிப்புக்கு உள்ளே இடம் இருக்கும். ஒரு தலைமுடி அளவுகூட வராது. சிமெண்டுக்கு அது போதும். இதற்கென்று தனிப் பூச்சு விற்கிறார்கள். நீ வாங்கித் தரவில்லை. பாகான் செராயில் எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி என்று விற்கும் கடையில் நான் வாங்கிய சிவப்பு நகப்பூச்சில்தான் உன் பேஷண்டுகளின் கிரவுன் நான்கு வருஷம் உட்கார்ந்தது.

முகாம் அன்று கிரவுன் செய்தது யார்? மேசையில் அந்தச் சிவப்பு பாட்டில் இருந்ததா?

லோரி ஓட்டும் அர்ச்சுனன் அண்ணனுக்கு இரண்டு முறை கழன்றுவிட்டது. டயர்க்கடையில் பசை வாங்கி அவரே ஒட்டிக்கொண்டார். "டாக்டர் தம்பி சிமெண்டு நிக்கல, நம்ம சிமெண்டு நிக்குது பாரு" என்று சாப்பாட்டுக் கடையில் வாயைத் திறந்து காட்டுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அங்க போனா யாரு கட்டுன பல்லுன்னு கேப்பாங்க லா. என்னா சொல்றது?"

"உள்ளத சொல்லும்மா."

"உள்ளத சொல்றதுக்கா அவன டாக்டருக்குப் படிக்க வச்சேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீயே எழுது.

துளசி


16-ம் கட்டை
14.4.2024, சித்திரை ஒன்னு

என் அருமை மகன் பவித்ரனுக்கு அம்மா வீரம்மா ஆசீர்வாதம் செஞ்சு எழுதுறது. இங்க எல்லாரும் சொகம். உன் சொகமும் மருமக சொகமும் தெரிஞ்சுக்க ஆச. போன்ல பேசினா துளசி பக்கத்துல வந்து நிக்கிறா. ரெண்டு ரூம்பு வீட்டுல எங்க போயி பேசுறது. எழுதி ரொம்ப வருசமாச்சு, எழுத்து கோணலா இருக்கும்.

துளசி ஏதேதோ எழுதியிருப்பா. மனசுல வச்சுக்காதப்பா. நீ சொன்ன மாதிரி நான் யாருகிட்டயும் சொல்லல. மாட்டுனதும் தூக்கலா இருக்குப்பான்னேன், மேல கொஞ்சம் தேச்சு விட்ட. இன்னும் தூக்கலா இருக்குன்னேன், இன்னும் தேச்ச. பழகிடும்மா, ஆளு நிக்குது, சத்தம் போடாதன்னு காதுல சொன்ன. புரிஞ்சுக்கிட்டேன். உன் மாமனாரு, பத்திரிகக்காரங்க எல்லாம் நிக்கையில பெத்தவளே கொற சொல்லலாமா. பழகிக்கிட்டேன். இந்தப் பக்கம் மெல்லாம அந்தப் பக்கம் மெல்றேன்.

வேலைக்குப் போறேன். நர்சரில பையில மண்ணு ரொப்புறதுதானே, வாய்க்கு வேல இல்ல. கன்னம் ஏன் உப்பலா இருக்குன்னு வேல வாங்குற மண்டோர் கேட்டாரு. மவன் டாக்டரு வந்து பாத்துட்டுத்தான் போனாருன்னு சொன்னேன். நீ வந்தா என்ன, வராட்டி என்ன. மனசால பாக்காமயா இருப்ப.

ரோட்டுல தண்ணி ஏறுது. வேலய விட்டுட்டு ஓடி வராத. நேரத்துக்குப் பசியாறு.

உன் அம்மா


ஈப்போ
6 மே 2024

துளசிக்கு,

இங்கே நலம். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டாய், சொல்கிறேன்.

முகாம் அன்று கிரவுன் செய்தது விமலா. உன் இடத்துக்கு வந்தவள், பத்தொன்பது வயது. மேசையில் சிவப்பு பாட்டில் இல்லை. கிளினிக் மாறும்போது பழைய குப்பையை ஒழித்தோம், அதோடு போயிருக்கும். அதை எதற்கு வைத்திருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? இடம் விட வேண்டும் என்று நானும் படித்தவன்தான். நீ கொடுத்த கிரவுன் உட்கார்ந்தது, மாட்டினேன். எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

நீ ஏன் சொல்லவில்லை? ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சீருடையை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாய். அதற்கு முன் விமலா உன்னோடு இரண்டு வாரம் இருந்தாள். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயா? அவளிடமே கேட்டேன். அழுகிறாள்.

யார் கெடுத்தது என்று இப்போது எழுது.

பவித்ரன்


பதினாறாம் கட்டை
12 மே 2024

அண்ணே,

விமலாவை அழ வேண்டாம் என்று சொல். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் கேட்டாள். "ஏன்க்கா பல்லுக்கு கியூடெக்ஸ் பூசுறீங்க?" என்றாள். "பாத்து கத்துக்க லா" என்றேன். வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். அந்த வாரம்தான் அண்ணி தன் தோழியிடம் என்னைக் காட்டி "நம்ம ஸ்டாஃப்" என்றார். நீ பக்கத்தில் நின்றாய். "என் தங்கச்சி" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. நான் இல்லாமல் உன் கிரவுன் ஒன்றுகூட உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். உட்காராத கிரவுன் யார் வாயில் இருக்கும் என்று நினைக்கவில்லை. இது என் பங்கு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இனி உன் பங்கு. கிரவுனைப் பல்லில் வைத்து அழுத்திப் பார்ப்பது விமலா இல்லை, நானும் இல்லை. இறங்கவில்லை என்று உன் விரலுக்குத் தெரிந்திருக்கும். கழற்றி உட்பக்கத்தைக் கொஞ்சம் குடைந்துவிட்டு மறுபடி வைத்திருக்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். மண்டபத்தில் பேச்சுகளுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

அம்மா உனக்கு எழுதியது தெரியும். தபால்தலை வாங்கித் தந்ததே நான்தான். என்ன எழுதினீங்க என்றால், "வருசப் பொறப்பு வாழ்த்து லா" என்கிறார்.

அந்தப் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

துளசி


ஈப்போ
20 ஜூன் 2024

அன்புள்ள துளசி,

அத்தையும் நீயும் சௌக்கியமா? இங்கே சௌக்கியம். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

மே மாதம் நீ எழுதியதை அவர் பிரிக்கவே இல்லை. டிராயரில் கிடந்தது, நான்தான் பிரித்தேன். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டவளும் நான்தான். பிளாஸ்டர் பல்லில் சிவப்பு நகப்பூச்சைப் பார்த்து ஒரு பேஷண்ட் சிரித்துவிட்டார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. இது எதற்கு என்று உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். கேட்கவில்லை. ஸ்டாஃப் என்று சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

அப்பச்சிக்கு, என் அப்பாவுக்கு, தெரிந்த நல்ல பல் டாக்டர் ஒருவர் இங்கே இருக்கிறார். அத்தையை அவரிடம் காட்டலாம். டிரைவரோடு காடி அனுப்புகிறேன், நீயும் கூட வா. இவருக்குத் தெரிய வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கிளினிக் முகவரிக்கு எழுதாதே. தபாலைக் கவுண்டர் பெண்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். வீட்டு முகவரி கீழே இருக்கிறது.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

தர்ஷனா


பதினாறாம் கட்டை
3 ஜூலை 2024

அண்ணன் பவித்ரனுக்கு,

அண்ணி சொன்னபடி வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். அண்ணியின் கடிதத்தில் அம்மாவுக்கு இடம் இருந்தது. மற்ற பதினொரு பேருக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் ஒருவராவது தான் செய்ததைத் தான் செய்தேன் என்று எழுதினார். அதற்கு நன்றி சொல்லிவிடு.

காடி வந்தது. அம்மா ஏறவில்லை. "மருமக அனுப்புன காடில ஏறி வேற டாக்டருகிட்ட வாயத் தொறந்து காட்டவா? அவன் தலைகுனிஞ்சு நிக்கவா?" என்றார். டிரைவர் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஜூன் இருபத்தேழாம் தேதி காலையில் அம்மாவுக்குக் கழுத்து வரைக்கும் வீங்கிவிட்டது. எச்சிலை விழுங்க முடியவில்லை. அர்ச்சுனன் அண்ணன் லோரியில் தைப்பிங் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். நீ செதுக்கிய பல்லையும் பக்கத்துப் பல்லையும் பிடுங்கிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒரு மலாய் டாக்டர், சின்னப் பெண், யார் செய்த பல் என்று கேட்டார். "சியாப்பா புவாட், மாச்சிக்?" அம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை. அப்படியும் பல்லிடுக்கில் சொன்னார். "டோக்டர் சீனா. டி பெக்கான்." டவுனில் ஒரு சீன டாக்டராம். உன்னைக் காப்பாற்ற, உலகத்திலேயே இல்லாத ஒரு சீனரை உண்டாக்கி அவர் தலையில் கட்டிவிட்டார். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என் மேலும் எனக்கு ஆத்திரம்.

காய்ச்சலில் எல்லாம் சொன்னார். தூக்கலாக இருக்கிறது என்றதும் நீ மேலே தேய்த்தது. மறுபடி சொன்னதும் மறுபடி தேய்த்தது. காதில் சொன்னது. உடைந்த இடம் ஏன் காகிதம் மாதிரி இருந்தது என்று இப்போது தெரிகிறது. உள்ளே குடைய வேண்டியதை மேலே தேய்த்தாய். தெரிந்தேதான் செய்திருக்கிறாய். யாரும் குறை சொல்லவில்லை என்று எனக்கு எழுதினாயே, அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கிறது.

நலமாக இரு. வந்து சேர்.

துளசி


ஈப்போ
15 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அறுவை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. மாவுப் பால் ஆறு டின் அனுப்பியிருக்கிறேன், இனிப்பு சேர்க்காதது. காலை ஒன்று, மாலை ஒன்று குடியுங்கள்.

உடனே வர முடியாத நிலைமை. செப்டம்பரில் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் இன்னொரு முகாம் நடத்த மாமா ஏற்பாடு செய்கிறார். பெரிய ஆட்கள் வருகிறார்கள். அது முடிந்ததும் வந்து உங்களுக்குப் புதுப் பல் கட்டித் தருகிறேன். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்ன பதிலைத் துளசி எழுதியிருந்தாள். நீங்கள் எப்போதுமே யோசித்துப் பேசுகிறவர். துளசிக்கும் அந்தப் பக்குவம் வர வேண்டும்.

உங்கள் அன்பு மகன்,
பவித்ரன்


பதினாறாம் கட்டை
20 ஆகஸ்டு 2024

அண்ணன் பவித்ரனுக்கு,

ஜூலை இருபதில் ஒன்று, ஆகஸ்டு ஐந்தில் ஒன்று எழுதினேன். பதில் இல்லை. இது மூன்றாவது.

உன் மாவுப் பால் வந்தது. உன் கடிதத்தை அம்மா மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போய் மண்டோரிடம் காட்டினார். கடைசிப் பத்தியை அம்மாவே சத்தமாகப் படித்தாராம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நீ கூப்பிடவில்லை. நான் வீடு வீடாகப் போனேன். அர்ச்சுனன் அண்ணனையும் சேர்த்துப் பத்துப் பேரை அவர் லோரியிலேயே இரண்டு நடையாக அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எட்டுப் பேருக்குக் கழற்றிவிட்டு ஒழுங்காகச் செய்து மாட்டினார்கள். ஒருவருக்கு வேரில் மருந்து வைத்தார்கள். அர்ச்சுனன் அண்ணனுக்குக் கிரவுனைப் பல்லோடு எடுக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டுக் கடையில் இப்போது அவர் வாயைத் திறந்து காட்டுவதில்லை.

மங்களம் அக்கா மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டுகிறவர், உனக்குத் தெரியும். அவருக்கும் இனிப்புநீர். நான்கு தடவை போய்விட்டேன்.

"அண்ணன் மேல ஏன்டி உனக்கு இம்புட்டு கடுப்பு? வேலைய விட்டு அனுப்பிட்டான்னா?"

"அக்கா, அம்மாவுக்கு நடந்தத பாத்தீங்கதானே?"

"அது எவனோ சீன டாக்டரு கெடுத்தது. உங்கம்மாவே சொல்லுச்சு. தம்பி நம்ம தோட்டத்துப் புள்ள. அது கட்டுன பல்லு மேல இன்னொருத்தன் கைய வைக்க விடமாட்டேன். அதுவே வந்து கழட்டுன்னு சொல்லட்டும், கழட்டுறேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கெஞ்சினேன். மங்களம் அக்காவிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லும்மா, ஒரு உயிர் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சொன்னால் பொறாமை. அம்மா சொல்லமாட்டார். சொல்ல வேண்டியவன் நீதான்.

நேற்று மங்களம் அக்காவுக்குக் காதுக்குக் கீழே கட்டி புறப்பட்டிருக்கிறது. தலையில் துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. முகாமை நிறுத்தச் சொன்னாலும் நீ நிறுத்தமாட்டாய். ஈப்போவிலிருந்து வரவும் வேண்டாம். மங்களம் அக்காவின் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். கூப்பிட்டு, "நான் கட்டுனது சரியில்லக்கா, இன்னைக்கே போயி கழட்டிடுங்க" என்று சொல். பேஷண்டைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். அவ்வளவுதான் வேலை.

துளசி


பதினாறாம் கட்டை
27 ஆகஸ்டு 2024

அண்ணே,

மங்களம் அக்காவால் இன்று பேச முடியவில்லை. போனைக் காதில் வைத்துக் கேட்க மட்டும் முடியும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வாசல்படியில் மடியில் போனை வைத்துக்கொண்டு உன் குரலுக்காக உட்கார்ந்திருக்கிறார். கூப்பிடு.

துளசி